அப்பா படுத்திருக்கும் திசை

எங்கள் அப்பாவைத் தலைமாற்றிப் புதைத்துவிட்டோம் என்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான். கண்டுபிடித்ததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் என் வாய்க்கு பிரேக் கிடையாது என்று அப்பாவே சொல்வார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளைப் பற்றி இப்படி ஒரு பேச்சு இருப்பது நல்லதில்லைதான்.

கல்லறைக் கல்லில் பதிக்க அப்பாவின் படம் ஒன்று வேண்டும் என்று கல் வேலைக்காரர் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கூடத்து டிவியில் படங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா, அண்ணன், அத்தை, நான். அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டில் அவருக்குக் கமிட்டி என்று பெயர். எந்த விஷயமானாலும் தானே கூடி, தானே பேசி, தானே தீர்மானம் போட்டு முடித்துவிடுவார். அன்றைக்கும் அப்பாவின் இருபது வயதுப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "இதுதான்" என்று முடித்துவிட்டார். அந்தப் படத்தைக் கல்லில் போட்டால் அம்மா யாரோ ஒரு பையனின் கல்லறைக்குப் பூ வைக்கிற மாதிரி இருக்கும் என்று நான் சொன்னேன். அம்மா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

படங்கள் நகர்ந்து அடக்கத்தன்று எடுத்தவை வந்தன. பெட்டியைக் கயிற்றில் இறக்கும் படம் ஒன்று. எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். நான் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்; அது என் தொழில் புத்தி. பின்னால் கல்லறைத் தோட்டத்து மதில், மதிலை ஒட்டித் தண்ணீர்க் குழாய். பெட்டியின் ஒடுங்கிய பக்கம் குழாயைப் பார்த்து இருந்தது.

"அண்ணா, அப்பாவோட கால் குழாய்ப் பக்கம் இருக்கே," என்றேன்.

குழாய் இருப்பது மேற்கே. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிற அத்தனை பேரும் கிழக்கே கால் நீட்டித்தான் படுத்திருக்கிறார்கள். கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார். எக்காளம் தொனிக்கும். மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள். எழுந்து உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே அவர் இருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எங்கள் வீட்டில் இதை யாரும் கதையாக நினைப்பதில்லை. எங்கள் சபையில் ஒருவர் போய்விட்டால் நித்திரையடைந்தார் என்போம். தூங்குகிறவர் எழுந்திருப்பார் அல்லவா? எழுந்திருக்கப் போகிறவர் எந்தப் பக்கம் பார்த்து எழுந்திருப்பார் என்று கவலைப்படுவதில் என்ன தப்பு? எனக்கு இதில் சந்தேகம் வந்ததே இல்லை. வராததற்கு வெட்கமும் இல்லை.

தப்பு எப்படி நடந்தது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. தோட்டத்துக்குப் பழைய வாசல் மேற்கே, குழாய்க்குப் பக்கத்தில். பெட்டியை எப்போதும் கால் பக்கம் முன்னால் போகத் தூக்கி வருவார்கள். மேற்கு வாசலில் நுழைந்து கிழக்கே நடந்து அப்படியே இறக்கினால் கால் தானாகக் கிழக்கே வந்துவிடும். யாரும் திசையை நினைக்கவே வேண்டியதில்லை. அப்பாவின் அடக்கத்தன்று பார்த்து மேற்கு வாசல் முன்னால் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். கிழக்கே இருக்கிற புது வாசல் வழியாக வந்தோம். அண்ணன்தான் முன்னால் நடந்து, "நேரா வாங்க, நேரா வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். எல்லாரும் நேராகத்தான் வந்தார்கள். ஒரு திருப்பம் எடுக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. அன்றைக்கு என் கண்ணில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

கமிட்டி எழுந்து நின்றுவிட்டார்.

"அப்போ என் தம்பி ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டா எழுந்திரிப்பான்? உலகமே அந்தப் பக்கம் பார்த்து ஓசன்னா சொல்லும், இவன் மட்டும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பானா?"

அண்ணன் கட்டட மேற்பார்வை வேலை பார்க்கிறவன். ஒரு ஜன்னல் அரை அங்குலம் தள்ளி இருந்தால் இடித்துக் கட்டச் சொல்கிறவன். அவன் முகம் செத்துப்போய்விட்டது. "திறந்து திருப்பி வெச்சிடலாம் அத்தை. நான் அனுமதி வாங்குறேன். என் தப்பு, நானே சரி பண்றேன்," என்றான்.

 அம்மா என்னைப் பார்த்து, "எழுந்ததும் அவர் எதைப் பார்ப்பார்?" என்று கேட்டார்.

"குழாயை."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"மதில்தான்மா."

அம்மா அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுப்பில் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டினார். பிள்ளைகளுக்கு அவர் முகத்தைவிட அவர் பிடரிதான் நன்றாகத் தெரியும். வேன்காரர் என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து யாரும் பார்த்ததில்லை. இளம் வயதில் கழுத்தில் பட்ட அடி ஒன்றைக் காரணம் சொல்வார். அது பாதி உண்மை; மீதி, அம்மா இருக்கிற தைரியம். எங்கள் சந்து குறுகல். தினமும் சாயங்காலம் வேனைப் பின்னால் எடுத்துத்தான் உள்ளே விட வேண்டும். ஹாரன் ஒன்று அடிப்பார். அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து சந்தின் உள்ளே நின்று ஒரு கையைத் தூக்குவார். "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்..." வேனின் முதுகில் உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு தட்டினால், "போதும்" என்று அர்த்தம். அப்பா உடனே நிறுத்துவார். ஒருநாளும் மதிலில் இடித்ததில்லை. "கண்ணாடி இருக்குல்லப்பா, எதுக்கு அம்மா?" என்று நான் கேட்டால் அம்மாதான் பதில் சொல்வார்: "கண்ணாடி பொய் சொல்லும். நான் சொல்ல மாட்டேன்." அம்மா காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் அப்பா வேனைப் பெரிய ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வருவார்.

மறுநாள் காலையில் அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு பழுது. அந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதைக் கேட்டுக் கலங்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்த வாரமே அப்பாவுக்கு வலப்பக்கத்து இடத்தைத் தனக்கென்று சபையில் எழுதி வைத்துவிட்டார். "பக்கத்துல இடம் பிடிச்சாச்சு" என்று சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தவர் மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் அன்று காலையில் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"ராத்திரி தூங்கலையாம்மா?"

"சாகுறதுக்கு எனக்குப் பயம் இல்ல, உனக்கே தெரியும்," என்றார். "கல்லறையைத் திறக்குறதுதான் எனக்குப் பிடிக்கல. நான் அவர் முகத்தைத் துடைச்சு, முடியைச் சீவி, நல்லபடியா அனுப்பி வெச்சேன். தூங்குறவரைத் தோண்டி எடுத்து உலுக்குறதா? அவரு தூக்கத்துல தொட்டாலே கோபப்படுவார்."

"அப்போ வேண்டாம்னு சொல்லிடு. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"திறக்காம விட்டா மட்டும்?" அம்மா காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். "நான் பக்கத்துல கிழக்கே பார்த்து எழுந்திரிப்பேன். எழுந்ததும் முன்னாடி போயிடுவேன். அவர் மேற்கே பார்த்துக்கிட்டு நிப்பார். அவரு திரும்பிப் பார்க்குற ஆள் இல்லடி. எக்காளச் சத்தம் கேட்டா யாரோ ஹாரன் அடிக்கிறாங்கன்னு நினைச்சுக்கிட்டு, என் குரல் வரட்டும்னு அப்படியே நிப்பார். நான் அந்தப் பக்கம் போயிருப்பேன்."

 மூக்கை உறிஞ்சிக்கொண்டு நானும் அந்த ஆறின காபியைத்தான் குடித்தேன்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. அந்த வாரத்திலேயே அலுவலகங்களுக்கு அலைந்து அனுமதி வாங்கிவிட்டான். சனிக்கிழமை காலையில் திறப்பது என்று முடிவானது. கமிட்டி தன் வெள்ளைச் சேலையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். அம்மா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

எங்கள் போதகர் சின்ன வயதுக்காரர். பிரசங்கத்தில் சிங்கம். என் காரில் ஏறினால் பூனை. அப்போது என்னிடம்தான் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டு விஷயத்தை ஆரம்பித்தேன்.

"ஐயா, நிஜமா சொல்லுங்க. எங்கப்பாவுக்கு இதனால ஏதாவது குறை வருமா?"

"அக்கா, கடல்ல போனவங்களையும் நெருப்புல போனவங்களையும் எழுப்புறவருக்கு உங்கப்பாவை எழுப்பவா திசை வேணும்? நாம கிழக்கே கால் நீட்டுறது நம்ம நம்பிக்கையைக் காட்டுறதுக்கு. அவருக்கு வழி காட்டுறதுக்கு இல்ல."

"ஸ்டியரிங்கை ஒடிங்க. இன்னும். இதை கமிட்டிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். உங்களுக்கு அனுபவம் பத்தாதுன்னுட்டாங்க." வண்டியை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னொண்ணு சொல்றேன். என்னை மாதிரிப் போதகர்களைச் சில சபைகள்ல உங்கப்பா மாதிரிதான் வைப்பாங்க. கால் மேற்கே. எழுந்திரிச்சா சபையைப் பார்த்து நிக்கணும், ஜனங்களோட முகத்தைப் பார்க்கணும்னு."

நான் அவரைப் பார்த்தேன். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி ஓட்டிய அப்பா, எழுந்திருக்கும்போது எல்லார் முகத்தையும் பார்த்து நிற்பார் என்று நினைத்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதைக் கொண்டுபோய் அன்று சாயங்காலமே அம்மாவிடம் கொட்டினேன்.

அம்மா கவனமாகக் கேட்டார். "முகத்தைப் பார்க்கணும்னா எதிர்ல யாராவது இருக்கணுமே?" என்றார்.

"இருப்பாங்கம்மா. சபையே இருக்கும்."

"அவரு எதிர்ல இப்ப யார் இருக்காங்க? குழாய்தானே இருக்கு."

நான் ஆமாம் என்றேன். அம்மா ஜன்னல் வழியாக, அப்பா வேனைப் பின்னால் எடுத்து விட்ட சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்த் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டார். எதற்கு இந்தத் திடீர்ப் பசி என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் கூடினோம். கமிட்டி மொடமொடக்கும் வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் நின்றார். அண்ணன் அனுமதிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, அது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். போதகர் கையில் பாட்டுப் புத்தகம். மண்வெட்டிகளோடு இரண்டு பேர். தோட்டக்காரர் குழாயடியில் பூவாளிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். அப்பாவின் மண் மேட்டுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி, அப்பாவின் கால் பக்கமாக நடந்து, குழாய்க்கும் மேட்டுக்கும் நடுவில் போய் நின்றார்.

"இந்த இடத்துல யாராவது இருக்காங்களா?" என்று தோட்டக்காரரைக் கேட்டார்.

"யாரும் இல்லம்மா. குழாய் கசியுது, ஈரம். யாரும் கேக்க மாட்டாங்க. நான் பூவாளி வைக்கிற இடம்."

"இனிமே வேற இடத்துல வெச்சுக்கோங்க. இது எனக்கு."

"அம்மா, என்ன சொல்ற?" என்றான் அண்ணன்.

அம்மா குழாய்க்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்து நிமிர்ந்து நின்றார். எதிரே அப்பா.

"நான் இங்க படுப்பேன். தலை குழாய்ப் பக்கம், கால் கிழக்கே. முறைப்படித்தான், அண்ணி, பயப்படாதீங்க. அவர் கால் என்னைப் பார்த்து, என் கால் அவரைப் பார்த்து. எழுந்தா எனக்கு நேரே அவர் முகம். அவருக்கு நேரே என் முகம்."

"அவனுக்கு முதுகுப் பக்கம் ஆண்டவர் வருவாரே!" என்றார் அத்தை.

"வரட்டும். உங்க தம்பி தோளுக்கு மேல எனக்குத்தான் நல்லாத் தெரியுமே. நான் சொல்றேன் அவருக்கு." அம்மா ஒரு கையைத் தூக்கினார். சந்தில் நிற்கும் அதே நிற்பு. குரலும் அதே குரல். வால்வு பழுதான இதயத்திலிருந்து அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "வரலாம்... வரலாம்... போதும்! இப்ப திரும்பிப் பாருங்க, யார் வந்திருக்காருன்னு."

மண்வெட்டிக்காரர்களில் ஒருவர் மண்வெட்டியைத் தரையில் சாய்த்துவிட்டுத் தலைத்துண்டை எடுத்தார். அண்ணன் அப்படியே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். அடக்கத்தன்றுகூட அவன் அழவில்லை. அன்றைக்கு அவனுக்கு வழி சொல்லும் வேலை இருந்தது. அம்மா அவன் தலையில் கை வைத்தார். "நீ ஒரு தப்பும் பண்ணலடா. நீ நேரா கூட்டிட்டு வந்த. திருப்புறது எப்பவுமே என் வேலைதானே?"

போதகர் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, இதைவிட நல்ல பிரசங்கம் தன்னிடம் இல்லை என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கமிட்டிக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "அப்போ பக்கத்துல எழுதி வெச்ச இடம்?"

"உங்களுக்குத்தான் அண்ணி."

அத்தையின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே அதை அடக்கிக்கொண்டு, "நான் கிழக்கே பார்த்துத்தான் படுப்பேன், இப்பவே சொல்லிட்டேன். என்னைக் கொண்டாரும்போது எந்த வாசல்னு நல்லாப் பார்த்துக்கோங்க," என்றார். தீர்மானம் நிறைவேறியது.

கல்லறையைத் திறக்கவில்லை. அண்ணன் வந்த கையோடு அந்த இரண்டு ஆட்களையும் வைத்துக் குழாய்க் கசிவைச் சரிசெய்தான். அரை அங்குலம்கூட ஈரம் இருக்கக் கூடாது என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தான். அம்மா அதற்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், என்னை நன்றாகத் திட்டினார். போதகருக்கு லைசென்ஸ் கிடைத்தபோது முன் சீட்டில் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பிரசங்கம் பண்ற வேகத்துல ஓட்டலாமே ஐயா, தப்பில்ல," என்றார்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. மடியில் பாதி மடித்த துண்டு இருந்தது. அதை எடுத்து மீதியை நான் மடித்து வைத்தேன். எனக்கு உலகமே காலியாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் எங்கே போயிருக்கிறார் என்ற கேள்வி மட்டும் என் மனதில் எழவே இல்லை.

அடக்கத்தன்று மேற்கு வாசல் திறந்திருந்தது. பள்ளமெல்லாம் எப்போதோ மூடியாகிவிட்டது. நேராக வந்தாலே சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் வாசலில் அண்ணன் என்னைப் பார்த்து, "நீ முன்னாடி போ. நீ சொல்லு," என்றான்.

நான் முன்னால் போய், அப்பாவின் மேட்டை ஒட்டி, அம்மாவின் குழிக்கு அந்தப் பக்கம் நின்றேன். பெட்டி என்னைப் பார்த்து வந்தது, கால் பக்கம் முன்னால். ஒரு கையைத் தூக்கினேன். கண்ணில் தண்ணீர் இருந்தது. இந்த முறை அதற்குள்ளும் திசை தெரிந்தது.

"வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்..."

என் தொண்டையிலிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது. தூக்கி வந்தவர்கள் ஒரு அடி பிசகாமல் வந்தார்கள். இடம் வந்ததும் குனிந்து பெட்டியின் மேல் உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு தட்டினேன். நின்றார்கள். கயிறுகள் மெதுவாக இறங்கின.

எல்லாரும் மண் போட்டுவிட்டுப் போன பிறகு இரண்டு மேடுகளுக்கும் நடுவில் நின்றேன். ஒரு ஆள் நிற்க மட்டும் இடம் இருந்தது. அப்பா பக்கம் திரும்பினேன்.

"அப்பா, அம்மா வந்தாச்சு. எதிர்லதான் இருக்காங்க. எக்காளச் சத்தம் கேட்டதும் அவசரப்பட்டு வண்டியை எடுத்துடாதீங்க. அம்மா கையைத் தூக்குவாங்க. அவங்க சொல்ற வரைக்கும் இருங்க."